சாயம் எடுத்த அண்ணன்

லிஃப்ட் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும், லிஃப்ட் வரும். அவர் அழுத்திக்கொண்டே இருப்பார். "ஏண்ணே, அதான் லைட் எரியுதே?" என்றால், "நம்ம அவசரம் அதுக்குத் தெரியணும் லா" என்பார். உள்ளே போன பிறகும் மாடி எண்ணை நாலு குத்துக் குத்தினால்தான் அவருக்கு மனசு ஆறும். எங்கள் தொழிற்சாலை லிஃப்டில் மூன்றாம் மாடிப் பொத்தான் மட்டும் பள்ளமாகப் போயிருந்தது. யார் கைவேலை என்று ரிப்பேர்காரர்கூடக் கேட்டதில்லை.

அவரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. அதை இங்கே எழுதினேன் என்று வையுங்கள், நாளைக் காலையிலேயே ஃபோன் வரும். "நல்லா எழுதியிருக்க மா, ஆனா இதை விட்டுட்டியே" என்று ஆரம்பித்து, நான் விட்டதையெல்லாம் வரிசையாகச் சொல்லிச் சேர்க்கச் சொல்வார். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

சிங்கப்பூரில் சுங்கை காடுட் பக்கம் ஒரு சின்ன சாயப்பட்டறை அது. புடவைக்கு மேட்சிங் ப்ளவுஸ் துணி, உள்பாவாடை, நாட்டிய உடுப்புக்கான கரைத்துணி என்று தேக்காவின் தையல் கடைகள் கேட்கிற நிறத்தில் சாயம் போட்டுக் கொடுப்போம். முதலாளியை பாய் என்போம். பரம்பரைத் துணி வியாபாரி. கடையும் ஆபீசும் தேக்கா இருக்கிற லிட்டில் இந்தியாவில் வைத்திருந்தார். துணிக்குச் சாயம் போடுகிறவன் முருகேசு, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வொர்க் பெர்மிட்டில் வந்த பையன். துணி குடித்தது போக மிஞ்சிய சாயத்தைத் தண்ணீரிலிருந்து எடுக்கிறவர் அண்ணன். நான் சுவா சூ காங்கிலிருந்து தினமும் வந்து, அந்தத் தண்ணீரைப் போத்தலில் பிடித்துச் சோதித்து எண் சொல்கிற லேப் ஆள்.

ஒருத்தன் போடுவான், ஒருத்தர் எடுப்பார். இவர்களுக்குள் சண்டை வராமல் இருக்குமா?

"டேய் முருகேசு, நீ துணிக்குச் சாயம் போடுறியா, தண்ணிக்குப் போடுறியா?"

"துணி குடிச்ச மிச்சம்தான்ணே உங்களுக்கு."

"மிச்சமே இவ்ளோன்னா உன் துணி என்னத்தடா குடிச்சுது? மோந்து பார்த்துட்டு விட்டுடுச்சா?"

காலையில் இப்படித் தொடங்கினால் மத்தியானச் சாப்பாடு வரை ஓடும். சாப்பாட்டு வேளையில் அண்ணன் தன் டப்பாவிலிருந்து பாதியை அவன் தட்டில் தள்ளுவார். அவன் போதும் போதும் என்பான். அவர் மீதியையும் தள்ளுவார்.

சாயத்தண்ணீரை அப்படியே கழிவுக்குழாயில் விட்டால் பட்டறையை இழுத்து மூடிவிடுவார்கள். அதனால் பெரிய தொட்டி ஒன்றில் பிடித்து, அமிலம் விட்டுப் புளிப்பாக்குவோம். அதில் அன்னபேதி உப்பைக் கரைத்து, மேலே பெராக்சைடு ஊற்றுவோம். அன்னபேதியில் இருக்கும் இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் எந்தச் சாயத்தையும் அக்குவேறு ஆணிவேறாகப் பிய்த்துப் போட்டுவிடும். ரத்தச் சிவப்பாக நிற்கிற தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டீ நிறமாகி, அப்புறம் வெளிறிப்போகும். பிறகு காரம் போட்டுப் புளிப்பை முறித்தால் இரும்பெல்லாம் துருச்சேறாக அடியில் படிந்துவிடும். மேலே நிற்கிற தெளிந்த தண்ணீரை வெளியே விடலாம்.

எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அன்றன்றைக்குத் தண்ணீரைச் சோதித்து அந்த அளவை நான் சொல்வேன். அண்ணன் பயபக்தியோடு கேட்டுக்கொள்வார். போய் அதைச் சரியாக ஊற்றுவார். பிறகு இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்.

"ஏண்ணே, சொன்ன அளவு பத்தாதா?"

"கம்மியாப் போனாத்தான் மா பிரச்சனை. கூடப் போனா என்ன? சுத்தம்தானே கூடும்."

இந்த மனுஷரோடு டீ குடிக்கப் போனால் கூத்துதான். கோப்பிக்கடையில் சீனி போட்டுத்தான் டீ கொடுப்பார்கள். இவர் இன்னொரு கரண்டி போடுவார். இனிப்பு தூக்கலாகிவிட்டது என்று வெந்நீர் கேட்பார். டீ வெளுத்துவிட்டது என்று பால் கேட்பார். பால் வாடை அடிக்கிறது என்று கொஞ்சம் டிக்காஷன் கேட்பார். ஒரு டீக்குப் போனவர் ஜக்கு நிறையக் கொண்டுவந்து எங்கள் எல்லோருக்கும் ஊற்றுவார். அதன் ருசியைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

மன்னிப்புக் கேட்டாலும் அதே கதைதான். ஒருநாள் என் குடையை வாங்கிப்போய் ரயிலில் விட்டுவிட்டு வந்தார். ஸாரி என்றார், பரவாயில்லை என்றேன். மத்தியானம் வந்து மறுபடி ஸாரி. மாலையில் மறுபடி. மறுநாள் இரண்டு குடைகளோடு வந்து ஒரு பாட்டம் ஸாரி. "இனிமே குடைப் பேச்சை எடுத்தீங்கன்னா எனக்கு உண்மையாவே கோபம் வந்துடும்" என்று கத்திவிட்டேன். "பாத்தியா, மனசுக்குள்ள கோபம் இருந்திருக்கு" என்றார்.

செம்பவாங்கில் அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கில் ஒரு பெரியவர் தவறிவிட்டார். கீழ்த்தளத்தில் பந்தல் போட்டுக் கிடத்தியிருந்தார்கள். துக்கம் கேட்க நானும் அண்ணனோடு போயிருந்தேன். அண்ணன் எழுந்து நாலு வார்த்தை பேசினார். "தங்கமான மனுஷன். யார் கேட்டாலும் இல்லைன்னு சொல்ல மாட்டாரு." இறந்தவரின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதோடு உட்கார்ந்திருக்கலாம் அல்லவா? "அதுமட்டுமில்ல, புதன்கிழமை தவறாம என்கூட லாட்டரி நம்பர் வாங்க வருவாரு. அடிச்சுதுன்னா அங்கேயே எங்க எல்லாருக்கும் பிரியாணி!" புதன்கிழமைகளில் புருஷன் கோயில் பஜனைக்குப் போவதாகத்தான் அந்த அம்மாள் இத்தனை வருஷமாக நினைத்திருந்தார். அழுகை சட்டென்று நின்றுவிட்டது. என்னை ரயில் நிலையம் வரை கொண்டுவிட வந்தபோது அண்ணன் சொன்னார்: "நல்ல விஷயத்தைத்தானே மா சொன்னேன்?"

எங்கள் பாய்க்கும் ஒரு கிறுக்கு உண்டு. அவருக்குப் பசுமைக் கிறுக்கு. எங்கேயோ ஒரு விழாவில் சுற்றுச்சூழல் கேடயம் ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து கடையில் துணி வாங்குகிறவர்களுக்கு, 'பூமியைக் காப்போம்' என்று பச்சை மையில் அச்சடித்த பிளாஸ்டிக் பை. ஒன்று கேட்டால் இரண்டு கிடைக்கும். பள்ளிப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றிப் பட்டறையைக் காட்ட அழைத்து வருவார். அண்ணன் தெளிந்த தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் மொண்டு வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். "பாருங்க பிள்ளைங்களா, மினரல் வாட்டர் தோத்துது!" பிள்ளைகள் ஓ என்பார்கள். அந்த ஓ அவருக்குப் போதாது. ஒருமுறை குவளையை வாய்க்கே கொண்டுபோய்விட்டார். நான் பாய்ந்து பிடுங்கினேன். "குடிச்சுக் காட்டினாத்தானே நம்புவாங்க" என்றார். நிறம் போய்விட்டால் எல்லாம் போய்விட்டது என்று நம்பிய ஆத்மா அது. பாயும் அப்படியே நம்பினார். நிறம் போனாலும் அழுக்கு இருக்கும் என்று மாதாமாதம் ஓர் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்த என்னை மட்டும் யாருக்கும் பிடிக்கவில்லை.

தீபாவளி நெருங்கிய நேரம் அது. தேக்கா முழுக்க அரக்குச் சிவப்பு கேட்டார்கள். முருகேசு தூங்காத குறையாகச் சாயம் போட்டான். அதிகாரிகள் வந்து எங்கள் தண்ணீரைப் பிடித்துப் போனார்கள். நிறத்தில் பாஸ். அழுக்குக் கணக்கில் ஃபெயில். பாய் ஆடிப்போனார். அண்ணன் பெராக்சைடைக் கூட்டினார். அடுத்த முறையும் ஃபெயில், முன்னைவிட மோசமாக. அண்ணன் இன்னும் கூட்டினார். டிரம் டிரம்மாக இறங்கியது. தண்ணீரோ பளிங்கு மாதிரி நின்றது. துருச்சேறு மட்டும் அடியில் படியாமல் பொங்கிப் பொங்கி மேலே வந்து மிதந்தது. "பாத்தியா, மருந்து இன்னும் பத்தல" என்றார் அண்ணன்.

"அண்ணே, நீங்க கூட ஊத்தறதுலதான் ஏதோ கோளாறு."

"சோப்பு அதிகமாப் போட்டா சட்டை அழுக்காவுமா? நீ படிச்ச பொண்ணு, யோசிச்சுச் சொல்லு."

இன்னும் ஒருமுறை தேறாவிட்டால் கழிவுக்குழாயை அடைத்துவிடுவோம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போனார்கள். பாய் பட்டறைக்கு வந்தார். தொட்டியைப் பார்த்தார், தெளிவாக இருந்தது. சாயக் கொப்பரையைப் பார்த்தார், சிவப்பாக இருந்தது. அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"முருகேசு, நீதான்டா கண்டபடி சாயத்தைக் கொட்டுற. அடுத்த சாம்பிளும் ஃபெயிலாச்சு, உன் பெர்மிட்டை ரெனியூ பண்ண மாட்டேன். மூட்டையைக் கட்டிக்க."

முருகேசின் பெர்மிட் தீபாவளியோடு முடிகிறது. ஊரில் அவன் கட்டுகிற வீடு சுவரோடு நிற்கிறது. அம்மாவும் மனைவியும் பிள்ளையும் பக்கத்து வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். ரெனியூ ஆனால் கூரை, இல்லாவிட்டால் இல்லை. அன்று மத்தியானம் அவன் அண்ணனோடு சண்டை போடவில்லை. அண்ணன் தள்ளிய சோற்றை அப்படியே தின்றான். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. "பயப்படாதடா, நான் பாத்துக்கறேன்" என்று எழுந்து போய் இன்னொரு டிரம்மை உடைத்தார்.

அந்த வாரம்தான் என் மேசைமேல் வைத்திருந்த சாம்பிள் போத்தல் டப்பென்று மூடியைத் தள்ளியது. நான் நாற்காலியோடு பின்னால் போய்விட்டேன். எடுத்துப் பார்த்தால் சோடா மாதிரிக் குமிழ். நல்ல தண்ணீருக்கு வாயு எங்கிருந்து வரும்? பெராக்சைடு காட்டும் பேப்பரை முக்கினேன். அது கருநீலமாகிவிட்டது. சாயத்தைப் பிய்த்து முடித்தும் மருந்து ஏராளமாக மிஞ்சிப்போய்த் தண்ணீரில் கிடக்கிறது. அது உடைந்து விடுகிற வாயுதான் மூடியைத் தள்ளியிருக்கிறது, துருச்சேற்றையும் மிதக்கவிட்டிருக்கிறது.

அழுக்குச் சோதனை நடக்கிற விதம் இதுதான். தண்ணீரில் ஒரு ரசாயனத்தை விட்டுச் சூடாக்குவோம். அழுக்கு அந்த ரசாயனத்தைத் தின்னும். எவ்வளவு தின்றதோ அவ்வளவு அழுக்கு என்று கணக்கு. மிஞ்சிக் கிடக்கும் பெராக்சைடும் அதே ரசாயனத்தைத் தின்னும். தின்றது அழுக்கா, மருந்தா என்று மெஷினுக்குத் தெரியாது. அண்ணன் மருந்தைக் கூட்டக் கூட்ட, மெஷின் அழுக்கு அழுக்கு என்று அலறியிருக்கிறது. அது அலற அலற அண்ணன் மருந்தைக் கூட்டியிருக்கிறார்!

வாயால் சொன்னால் கேட்கிற ஆளா? அவரை லேபுக்குக் கூப்பிட்டேன். அவர் கண்ணெதிரே குழாயைத் திறந்து, நாம் குடிக்கிற தண்ணீரைப் பிடித்தேன். அதில் ஒரு கரண்டி பெராக்சைடு விட்டேன். சோதனைக் குழாயில் ஊற்றி அடுப்பில் வைத்தேன். வேகுமட்டும் அவர் உட்காரவில்லை, மூடியைத் திறக்கத்தான் நாலு தடவை கையைக் கொண்டுபோனார். நான் தட்டிவிட்டேன். கடைசியில் எண் வந்தது. குடிதண்ணீர் சாக்கடை என்றது மெஷின்.

அண்ணன் எண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி எண்ணைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை செய் மா."

செய்தேன். அதே கதை. அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ முருகேசு இல்ல."

"இல்லண்ணே."

"நான்தான் அவனை ஊருக்கு அனுப்பப் பார்த்திருக்கேன்." எழுந்தார். "பாய்கிட்டப் போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

"ஐயோ சாமி, உக்காருங்க. இப்போ போயிச் சொன்னா ரெண்டு பேரையும் சேர்த்து அனுப்பிடுவாரு. மொதல்ல தண்ணி பாஸ் ஆகட்டும்."

திங்கட்கிழமை அதிகாரிகள் வருவதாக இருந்தது. சனிக்கிழமை நானே பக்கத்தில் நின்று அளவாக ஊற்றவைத்தேன். புளிப்பை முறித்து, காற்றடிக்க விட்டு, தொட்டியைச் சும்மா போட்டால் மிஞ்சியிருக்கிற சொற்ப பெராக்சைடும் ஞாயிற்றுக்கிழமைக்குள் தானாகவே போய்விடும். அதை முறிக்க வேறொரு மருந்தும் இருக்கிறது. ஆனால் அதையும் அளவுக்கு மேல் விட்டால் மெஷின் அதையும் அழுக்கு என்றுதான் சொல்லும். அந்த மருந்தை இந்த மனுஷர் கையில் கொடுக்கவா? எனக்கென்ன பைத்தியமா? "நாளைக்கு ஒண்ணும் செய்யக்கூடாதுண்ணே. சும்மா இருக்கணும். அவ்வளவுதான்" என்று சொல்லி, ஸ்டோரைப் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு காலை வழக்கம்போல் தேக்கா மார்க்கெட்டில் கானாங்கெளுத்தி பொறுக்கிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் யாரோ மூச்சுவிடுகிற சத்தம். அண்ணன்.

"சாவியைக் குடு மா."

"எதுக்கு?"

"சும்மா, ஸ்டோரைத் தொறந்து கொஞ்சம் காத்தாட விட்டுட்டு..."

"செம்பவாங்லேர்ந்து தேக்கா வந்து சாவி வாங்கி, திரும்பக் காடுட் போயி, ஸ்டோருக்குக் காத்து காட்டப் போறீங்களா?"

"ஒரே ஒரு லிட்டர் மா. மனசு கேக்க மாட்டேங்குது."

"ஒரு சொட்டுக்கூடக் கெடையாது."

"தண்ணி அங்க தனியா நிக்குதே மா."

"அதுக்கென்ன, துணைக்கு ஆள் போடணுமா?"

மீன்காரர் சிரித்தார். அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் உட்கார முடியவில்லை, விடிந்ததிலிருந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன், கீழ் வீட்டு அம்மாள் துணியெல்லாம் நனைந்துவிட்டது என்று சண்டைக்கு வந்துவிட்டார் என்றார். முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. இனி இவரைத் தனியாக விட்டால் பூட்டை உடைத்தாலும் உடைப்பார் என்று சாப்பாட்டுக் கடைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே வரிசையில் முருகேசு நின்றிருந்தான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குத் தேக்காவை விட்டால் வேறு போக்கிடம் ஏது? நாங்கள் உட்கார்ந்ததைப் பார்த்ததும் எங்கள் மேசைக்கு ஓடி வந்தான்.

"அண்ணே, நாளைக்குத் தேறிடுமாண்ணே?"

"தேறிடும்டா."

"செவப்பை ரொம்பக் கொறைச்சுட்டேன்ணே. புடவைக்கு ப்ளவுஸ் சேரலன்னு கடைக்காரங்க ஏசுறாங்க. இதுக்குமேல எப்படிக் கொறைக்கிறதுன்னு தெரியல. நான் வேணும்னு கொட்டலண்ணே, நீங்களாவது நம்புங்க."

அண்ணன் வாயைத் திறந்தார். நான் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தேன். அவர் எழுந்து போய் அவனுக்குப் புரோட்டா வாங்கி வந்தார். அவன் தின்று முடிப்பதற்குள் இன்னொன்று. பிறகு தோசை. பிறகு வடை. அவன் "வயித்துல எடம் இல்லண்ணே" என்றான். இவர் "சாப்பிடுடா, இன்னும் கொஞ்சம் சாப்பிடு" என்றார். குரல் ஒரு மாதிரியாக இருந்தது. எப்போதும் என்னை எரிச்சல்படுத்துகிற அந்த 'இன்னும் கொஞ்சம்' எனக்குக் கோபம் மூட்டாமல் போனது அந்த ஒருமுறைதான்.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு சுவராக நின்றார். அவர்கள் போத்தலில் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த வாரக் கடைசியில் முடிவு வந்தது. நிறத்தில் பாஸ். அழுக்கிலும் பாஸ்!

பாய் எங்கள் மூவரையும் லிட்டில் இந்தியா ஆபீசுக்கு வரச்சொன்னார். கீழே கடையில் தீபாவளிக் கூட்டம். மேலே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே பாய் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். எனக்கும் அண்ணனுக்கும் நாற்காலி, முருகேசு கதவோரம் நின்றான்.

"பாத்தியா மா? நான் ஒரு மெரட்டு மெரட்டினேன், தண்ணி கண்ணாடியாயிடுச்சு" என்றார் பாய். "இதுலேர்ந்து என்ன தெரியுது? இத்தனை நாளா இவன்தான் கொட்டியிருக்கான். பயந்ததும் நிறுத்திட்டான். இப்படிப்பட்டவனை வெச்சுக்கிட்டா நாளைக்கு மறுபடி கொட்டுவான். பெர்மிட் வேணாம், அனுப்பிடலாம்."

ஃபெயிலானாலும் அவன்தான், பாஸானாலும் அவன்தான். இது என்ன நியாயமோ! முருகேசின் முகம் செத்துப்போனது. நான் மனசுக்குள் ஒரு வாக்கியத்தை அவசரமாகத் தயார் செய்தேன். 'பாய், மருந்தோட அளவை மாத்தினோம், அதான் சரியாச்சு.' யாருக்கும் சேதமில்லாத வாக்கியம். அதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார்.

"பாய், அவன் இல்ல. நான்தான்."

"என்னப்பா சொல்ற?"

"மருந்தைக் கூட ஊத்தினேன். மிஞ்சினது அழுக்கு மாதிரிக் காட்டிடுச்சு. முருகேசு மேல தப்பே இல்ல."

போதும். இவ்வளவு போதும். முருகேசு பிழைத்துவிட்டான், பாயும் 'ஓ, அப்படியா' என்று தலையாட்டத் தொடங்கிவிட்டார். நான் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். உட்கார்ந்தாரா?

"அதுமட்டுமில்ல பாய். இந்தப் பொண்ணு அப்பவே சொல்லுச்சு, நான்தான் கேக்கல. தினமும் இது சொன்ன அளவுக்கு மேலதான் ஊத்துவேன். ஸ்டோர்ல டிரம் சீக்கிரம் காலியாவுதேன்னு நீங்க கேட்டப்போ, மூடி ஒழுவுதுன்னு சொன்னேன்ல, அது பொய். சேறு மெதந்தப்போ தெரிஞ்சிருக்கணும், தெரியல. பள்ளிக்கூடப் பிள்ளைங்ககிட்ட மினரல் வாட்டர்னு காட்டினேனே, அன்னைக்குத் தண்ணியும்..."

பாயின் முகம் சிவந்தது. முருகேசுகூட அப்படி ஒரு சிவப்பைப் போட்டதில்லை.

"நிறுத்துறியாப்பா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு பாய்."

எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்தார். பாய் தண்ணீர் குடித்தார்.

"அப்போ உன்னைத்தான்யா வீட்டுக்கு அனுப்பணும்."

"அனுப்புங்க பாய். அதான் நியாயம்."

"இந்த மாசத்தோட நின்னுக்க."

"ரெண்டு மாசம் இருக்கேன் பாய். சம்பளம் வேணாம். புது ஆளுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போறேன்."

பாய் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "ஐயா, ஒரு மாசம் போதும்யா."

படி இறங்கும்போது எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அறைந்திருப்பேன். ஒரு வாக்கியத்தோடு நிறுத்தியிருந்தால் அவர் வேலையும் இருந்திருக்கும், அவன் வேலையும் இருந்திருக்கும். அதையே நடுத்தெருவில் நின்று கத்தினேன். "பாதி சொன்னா பாதிப் பழி அவன்மேலயே நிக்கும் மா" என்றார்.

முருகேசின் பெர்மிட் ரெனியூ ஆயிற்று. மறுநாளே பட்டறையில் ஒரு கதை பரவிவிட்டது. அண்ணன் ஒரு தப்பும் செய்யவில்லையாம். முருகேசைக் காப்பாற்றுவதற்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாராம். பரப்பியவன் முருகேசுதான்.

"முருகேசு, அவர் சொன்னது அத்தனையும் நெஜம்டா" என்றேன்.

"அக்கா, செஞ்ச தப்பை எவனாவது இப்படி வரிவரியா எடுத்துச் சொல்லுவானா? செய்யாதவன்தான் சொல்லுவான்."

அண்ணன் விடுவாரா? ஒவ்வொருவரையும் பிடித்து உட்காரவைத்து விளக்கினார். போத்தல் வெடித்ததைச் சொன்னார், குழாய்த்தண்ணீர் சோதனையைச் சொன்னார், நீலமான பேப்பரைக் கொண்டுவந்து காட்டினார். அவர் விளக்க விளக்க அவர்கள் கண்கலங்கினார்கள். கொப்பரை கழுவுகிறவர் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அவர் சொன்னதை நம்பியவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் அவரை வேலையைவிட்டு நீக்கியவர். இன்னொருத்தி நான்.

கடைசி நாள் மத்தியானம் பிரியாணி வாங்கி, தேக்காவிலிருந்து ரோஜா மாலை வரவழைத்து, தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தே வழியனுப்பு நடத்தினார்கள். முருகேசு மாலையைப் போட்டுவிட்டு, "எனக்காகத் தன் பொழைப்பையே விட்டுக் குடுத்த தெய்வம்" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள்.

அண்ணன் துள்ளி எழுந்தார். "டேய், தெய்வமும் இல்ல ஒண்ணும் இல்லடா. நெஜமாவே நான்தான்டா ஊத்தினேன்!"

கைதட்டல் இன்னும் பலமானது.

"டிரம் டிரம்மா ஊத்தினேன்டா! பாய்கிட்டப் பொய் சொன்னேன்டா!"

ஒருவன் விசிலடித்தான். அண்ணன் என் பக்கம் திரும்பினார். வேர்த்துக் கொட்டியது. "நீயாவது சொல்லு மா. நீதானே சோதிச்சே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எழுந்து நின்றேன். "அண்ணன் சொல்றது நெஜம்தான். கூட ஊத்தினது அவர்தான். என் கையால சோதிச்சுப் பார்த்தேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

முருகேசு கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பாத்தீங்களா, அக்காவும் அவரோட சேர்ந்து பழியைச் சுமக்கறாங்க. என்ன மனசுடா இவங்களுக்கெல்லாம்" என்றான். மறுபடி கைதட்டல் எழுந்தது.

அண்ணன் மாலையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்தார். மேலே சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லாமல் போய் நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.